முப்பத்தொன்பது சுற்று

போன வாரம் எங்கள் பட்டறை ஆட்களின் வாட்ஸாப் குழுவில் ஷிபு ஒரு செய்தி போட்டிருந்தான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் இந்த ஷிபு. "மாமி, ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கு. பின் ஆக்ஸில் ரேஷியோ என்னன்னு கஸ்டமர் கேக்கறார். ஆசான் பண்டு புளியங்கொட்டை வச்சு எண்ணுவாராமே, நிஜமாக்கும்?" என்று எங்கள் பழைய ஃபோர்மேனைப் பற்றிக் கேட்டுவிட்டு, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வேறே.

எனக்குச் சுருக்கென்று வந்தது. சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு இதிலே? இருந்தாலும் மூன்று வரியில் பதில் போட்டேன். ஒரு சக்கரத்தைத் தூக்கு, சாக்கட்டியால் கோடு போடு, திருப்பி எண்ணு என்று. கைகூப்புகிற பொம்மை வந்தது. அவனுக்கு விஷயம் அத்தோடு தீர்ந்தது.

எனக்குத் தீரவில்லை. அந்த எண்ணிக்கையை நம்பி எங்கள் தெருவில் ஒரு தாயாருக்கு நாங்கள் ஒரு பதில் சொன்னோம். அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. எழுதினாலாவது கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன். அந்தக் காலத்து வேலை மாதிரி வருமா என்று அழுகிற ஜாதி இல்லை நான். இனிமேல் வருகிற மின்சார வண்டிகளில் இந்தத் தொல்லையே பெரும்பாலும் இருக்காதாம். ரொம்ப நல்லது. குனிந்து குனிந்து என் முதுகெலும்பு போனதுதான் மிச்சம்.

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த முதல் பெண் நான். சர்க்கார் வேலை வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லி, ஊருக்குள்ளேயே ஒரு கார் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் பில் எழுத வைத்தார்கள். பிறகு ஸ்பேர் பார்ட்ஸ், பிறகு சர்வீஸ், கடைசியில் மேற்பார்வை. நகக்கண்ணில் கரியோடு கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவளைத் தெருவில் முதலில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பிறகு அவாளே ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்கள். நான் வேலை கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான், மேலே இழுக்க வேண்டாம்.

பட்டறைக்கு முதலாளி ஒருவர் இருந்தார். ஆனால் ராஜா அவர் இல்லை, ஃபோர்மேன் ஞானமுத்துதான். பாறசாலைப் பக்கத்து எல்லைத் தமிழர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேஷ்டி, சர்ச்சு. மற்ற நாளெல்லாம் காக்கி. மலையாளி, தமிழன் என்றில்லாமல் எல்லோருக்கும் அவர் ஆசான். கெட்டிக்காரர், கை சுத்தம், வாக்கும் சுத்தம். ஆனால் கோபம் இருக்கே, கஷ்டகாலம்! அவர் முறுக்கின நட்டை அவரிடம் சொல்லாமல் இன்னொருத்தன் கழற்றிவிட்டால் போச்சு. ஸ்பானரைத் தரையில் வீசுகிற வீச்சில் வாசலில் படுத்திருக்கிற நாய் எழுந்து தெருமுனைக்குப் போய்விடும்.

"என் வேலையில குத்தம் இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லணும் லேய். எனக்குத் தெரியாம கை வைக்கப்பிடாது, கேட்டியா?" என்பார்.

மூஞ்சிக்கு நேராகச் சொல்லுகிற தைரியம் யாருக்கு இருந்தது? முதலாளியே தன் காரில் சத்தம் கேட்கிறது என்று சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் தூது விடுவார். "விஜயம், நீயாக்கும் போய்ச் சொல்ல வேண்டியது. பெண்பிள்ளைன்னா அவர் கொஞ்சம் பதுக்கப் பேசுவார்" என்பார். பதுக்கவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

இனி ரேஷியோவுக்கு வருகிறேன். இது பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. இன்ஜினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாக ஒரு நீளமான தண்டில் பின்னால் போகிறது. அதைப் புரப்பலர் ஷாஃப்ட் என்போம். அதன் முனையில் சின்னப் பல்சக்கரம் ஒன்று, பினியன். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும், அது கிரவுன். கிரவுனில் நாற்பத்து மூன்று பல், பினியனில் பதினொன்று என்று வையுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஷாஃப்ட் நாலுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும். அதுவே நாற்பத்தொன்றுக்கு ஒன்பது என்றால் நாலரைக்குக் கொஞ்சம் கூடுதல். எண் கூடக்கூட வண்டிக்கு இழுப்பு கூடும், மலை ஏறும். ஆனால் சமதரையில் அதே வேகத்தில் போக இன்ஜின் அதிகம் சுற்றிக் கத்த வேண்டும். எண் குறைந்தால் நிதானமாக ஓடும், ஏற்றத்தில் திணறும். அதாக்கும் சங்கதி.

உள்ளே இருக்கிறது எது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வேண்டுமே? சில வண்டிகளில் ஆக்ஸில் கூட்டின் மேல் ஒரு தகட்டில் எண் அடித்திருப்பார்கள். ஆசான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"தகடு வெளியிலல்லா இருக்கு, பல்லு உள்ளல்லா இருக்கு. சவத்த விடு, எண்ணு" என்பார்.

எண்ணுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பட்டறைத் தரையில் ஆள் இறங்கி நிற்க வெட்டின குழிமேல் வண்டியை நிறுத்தி முன் சக்கரங்களுக்குக் கல் வைக்க வேண்டும். நியூட்ரல். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட வேண்டும். பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும், மற்றது தரையிலேயே இருக்கும். தூக்கின சக்கரத்தின் டயரில் சாக்கட்டிக் கோடு ஒன்று, அதற்கு நேராக மட்கார்டில் ஒன்று. குழிக்குள் ஷாஃப்டில் ஒரு கோடு, அதற்கு நேராகக் கூட்டில் ஒன்று. ஒருத்தர் மேலே சக்கரத்தைத் திருப்பி எண்ண வேண்டும், இன்னொருத்தர் கீழே ஷாஃப்டை எண்ண வேண்டும். ஒரு சக்கரம் தரையில் இருப்பதால், இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பங்கிடுகிற டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றைத்தான் ஷாஃப்டுக்குக் கொடுக்கும். ஆகையால் சக்கரத்தை இருபது தரம் சுற்றினால் பத்தென்றுதான் கணக்கு. இதை மறந்து பாதி ரேஷியோவைச் சொல்லி ஆசானிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் பட்டறையில் யாருமே இல்லை, நான் உட்பட.

இருபது சுற்று எதற்கு என்றால், ஒரே சுற்றில் கால் அரைக்கால் பிசகு கண்ணுக்குத் தெரியாது. இருபதில் தெரிந்துவிடும். நாற்பத்து மூன்றுக்குப் பதினொன்று என்றால் ஷாஃப்ட் முப்பத்தொன்பது சுற்றுச் சுற்றும். நாற்பத்தொன்றுக்கு ஒன்பது என்றால் நாற்பத்தைந்தரை. இரண்டுக்கும் குழப்பமே வராது.

எண்ணும்போது மேலே இருக்கிறவரோ கீழே இருக்கிறவரோ வாயைத் திறக்கக் கூடாது. அதற்குத்தான் புளியங்கொட்டை. காக்கிச் சட்டையின் வலது பையில் ஒரு பிடி இருக்கும். ஷாஃப்ட் ஒரு சுற்று வந்தால் ஒரு கொட்டை இடது பைக்குப் போகும். முடிந்த பிறகு குழியின் விளிம்பில் கொட்டி எண்ணுவார். ஏன் ஆசானே, வாயால் எண்ணினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"வாயால எண்ணினா மனசு முந்திக்கிடும் பிள்ளே. நமக்கு என்ன எண்ணு வேணுமோ அதுல கொண்டு போய் நிறுத்திடும். கொட்டைக்கு என்ன ஆசை இருக்கு?" என்றார்.

பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் வாயிலிருந்து எண் வரும். ஒரு தரம் எண்ணிவிட்டு அவர் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

இப்போது சேது. எங்கள் ஆத்திலிருந்து நாலு வீடு தள்ளி, கோமதி மாமியின் ஒரே பிள்ளை. பாங்கில் உத்தியோகம். தெருவில் மற்றப் பையன்கள் கல்யாணம், நிலம் என்று திரிந்தபோது இவன் எங்கிருந்தோ ஒரு சீமை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்தான். தரையோடு தரையாகத் தாழ்ந்த வண்டி. ரெண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, வெளிர் பச்சை நிறம். ஞாயிற்றுக்கிழமையானால் பொன்முடிக்குப் போய்விடுவான். நாற்பத்து மூன்றுக்குப் பதினொன்றோடு வந்த வண்டி அது. கல்லாறு வரைக்கும் சமர்த்தாக ஓடியது, அதற்குமேல் வளைவுக்கு வளைவு திணறியது. மலை ஏற வேறே கியர் போட்டுத் தாருங்கள் என்று ஆசான் காலைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

ஆசானுக்கு அவன் மேல் ஒரு வாத்சல்யம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். உடைக்க வந்த வேறொரு பெரிய காரிலிருந்து நாற்பத்தொன்றுக்கு ஒன்பது கியர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். மாசக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார், பதிவு சரியாக விழாது, கழற்றுவார், காகிதம் மாதிரி மெல்லிய தகடு ஒன்றை வைத்து மறுபடி ஏற்றுவார். கடைசியில் சேதுவும் அவருமாகப் பொன்முடி உச்சிக்குப் போய்விட்டு வந்தார்கள். இறங்கினவர், "கொள்ளாம்" என்றார். ஆசான் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வருவது மற்றவர்கள் மாலை போடுகிற மாதிரி.

அடுத்த வருஷம் சேது போய்விட்டான். மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. காரியங்கள் முடிந்த கையோடு அவன் அப்பா அந்தக் காரை நீலகிரிப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வாசலில் அது நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை, பாவம். உள்ளே இருந்த மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமி வாசலுக்கு வந்தபோது வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

மாமி அதற்காக அவரோடு சண்டை போடவில்லை. ஆனால் என்னைக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். "விஜயம், அந்த வண்டி எங்கேயாவது ஓடிண்டிருக்குமோடி? உங்க பட்டறைக்கு என்னிக்காவது வந்தா சொல்லு. ஒரே ஒரு தரம் அதிலே உட்காரணும். வேறே ஒண்ணும் வேண்டாம் நேக்கு." மாமா போனபிறகும் கேட்டாள். வண்டியின் நம்பர் அவளுக்கு ஓர்மை இல்லை, காகிதம் எதுவும் ஆத்தில் இல்லை. நானும் வருஷக்கணக்கில் "வந்தா சொல்றேன் மாமி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் நிஜமாகவே அப்படி ஒரு வண்டி வந்தது. கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற அனூப் என்கிற பையனுடையது. பெங்களூரில் வாங்கினானாம். அதே ஜாதி, அதே உயரம். ஆனால் நிறம் சிவப்பு, இருக்கைகள் புதுசு, இன்ஜின் வேறு. சேஸிஸ் நம்பர் தகட்டைக்கூட யாரோ புதுசாக அடித்து வைத்திருந்தார்கள். பெங்களூருக்கு முன்னால் எங்கே இருந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை.

ஆசான் அப்போது வேலையை விட்டிருந்தார். வாரத்துக்கு ஒருநாள் சும்மா வந்து எல்லோரையும் திட்டிவிட்டுப் போவார். அவரிடம் சொன்னேன். "இந்த மாதிரி வண்டி நாட்டில வேறயும் உண்டு. ஆனா பின்னால நாப்பத்தொண்ணுக்கு ஒம்பது உள்ளது அந்தப் பிள்ளைக்க வண்டி மட்டுந்தான். எண்ணிப் பாப்போம்" என்றார். எண்ணி முடிகிறவரை மாமியிடம் சொல்லாதே என்றும் சொன்னார். என்னால் முடியவில்லை, அன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை மாமி ஆட்டோவில் வந்து இறங்கினாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அனூப் தங்கமான பையன். சென்னையில் இருந்தவன், தமிழ் நன்றாகப் பேசுவான். விஷயத்தைக் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு நின்றான். "அம்மா, யாரோட வண்டியா இருந்தா என்ன, நீங்க ஏறி இரிங்கோ. சங்குமுகம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றான்.

மாமி ஏறவில்லை. "இருப்பா, குழந்தே. அவனோட வண்டிதானான்னு தெரியட்டும். வேறே யாரோ பிள்ளை ஓட்டின வண்டியிலே உட்கார்ந்துண்டு நான் சேதுவை நெனைச்சுண்டா, அது அவனுக்குக் குறைச்சல் இல்லையா?" என்றாள்.

ஆசான் குழிக்குள் இறங்கினார். நான் புடவையைச் செருகிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் குந்தினேன். மாமி வண்டியின் அந்தப் பக்கம் நின்றாள். சக்கரத்தைத் திருப்புகிறபோது நாற்பத்தைந்தரை, நாற்பத்தைந்தரை என்று மனசு ஜபித்துக்கொண்டே இருந்தது. இருபது முடிந்து நிறுத்தினேன். குழி விளிம்பில் கொட்டைகள் விழுகிற சத்தம் கேட்டது. ஆசான் கொட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னொரு தரம், பிள்ளே. பைய சுத்து" என்றார். இரண்டாம் தரம் அவ்வளவு மெதுவாக நான் எந்தச் சக்கரத்தையும் சுற்றியதில்லை.

மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஆசானே மாமியிடம் போனார். "முப்பத்தொம்பது சுத்துதான் வருகு, அம்மா. இது அந்தப் பிள்ளைக்க வண்டி இல்லை."

எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஆசானே, நடுவிலே யாராவது கியரை மாத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எவன் மாத்துவான்? வாங்கினவன் மலையில இருக்கப்பட்ட ஆளு, மலைக்குன்னு போட்ட கியரைக் கழத்துவானா? அப்படியே கழத்தினாலும் மாத்துக் கியருக்கு எங்க போவான்? பிள்ளை இருந்த காலத்திலயோ, என் கையைத் தாண்டி அந்த வண்டியில எவனும் கை வைக்கல்ல" என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

மாமி அவர் முகத்தையே பார்த்தாள். "நிச்சயமா, ஆசானே?"

"எண்ணினது நானாக்கும், அம்மா."

"சரி" என்றாள் மாமி. "நீ நன்னா இருப்பா, பார்த்து ஓட்டு" என்று அனூப்பிடம் சொன்னாள். என்னிடம், "வெயில் ஏறறதுக்குள்ளே ஆத்துக்குப் போறேன்டி" என்றாள். ஆட்டோவில் ஏறினாள். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி அவள் என்னிடம் கேட்கவே இல்லை. அடுத்த ஆடியில், கர்க்கடக மழையில் காலமானாள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அனூப் மறுபடி வந்தான். அவனுக்கும் பொன்முடிப் பைத்தியம் பிடித்திருந்தது. மலைக்கு ஏற்ற கியர் யாரிடமாவது இருக்கிறதா என்று பழைய கார்க்காரர்கள் குழுவில் கேட்டிருக்கிறான். நாகர்கோவிலிலிருந்து முருகேசன் என்று ஒருவர், தன்னிடம் ஒன்று கிடக்கிறது என்று பதில் போட்டாராம். வருஷக்கணக்காகக் கல்ஃபில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினவர். சாக்கில் சுற்றிக் காரில் கொண்டு வந்து இறக்கினார். நான் சாக்கைப் பிரித்தேன். கிரவுன் வீலின் முதுகில் முக்கோணமாக மூன்று பொட்டு. ஆசான் தான் ஜோடி சேர்த்த பல்சக்கரத்தில் உளியால் அடிக்கிற அடையாளம்.

பொட்டைத் தொட்டுப் பார்த்தேன். "இது உங்களுக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?"

"எனக்க கூட்டாளி ஒருத்தனுக்க வண்டியில உள்ளதாக்கும், அக்கா. சேதுன்னு பேரு. செத்துப் போனான்" என்றார்.

அவரை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துக் கேட்டேன். காலேஜில் ஒன்றாகப் படித்தவர்களாம். சேது படுக்கையில் விழுவதற்குச் சில வாரம் முன்னால் வண்டியை நாகர்கோவிலுக்குக் கொண்டு போயிருக்கிறான். ஆசான் கழற்றிக் கொடுத்த பழைய கியரைப் பரணில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான், அதையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறான். முருகேசன் வீட்டு ஷெட்டில் இரண்டு பேருமாக மாற்றியிருக்கிறார்கள்.

"எதுக்கு?"

"அம்மையைத் திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போகணும்னான், அக்கா. மலைக் கியரை வச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் நேர் ரோட்டுல போனா இன்ஜின் கத்துக கத்துல ஒரு வார்த்தை பேச முடியாதுல்லா. அம்மை வண்டியில ஏறினா வாய் ஓயாம பேசுவா, அதை எனக்குக் கேக்கணும்டேன்னான். பட்டறையிலயே குடுத்திருக்கலாம்லான்னு கேட்டேன். ஆசான் மாசக்கணக்கில பாடுபட்டு ஏத்தினாரு, கழத்துங்கன்னு அவரு மூஞ்சியில எப்படி முழிக்கன்னு பயந்தான். போயிட்டு வந்து அவருக்குத் தெரியாம திரும்ப மாத்திடுவோம்னான். போகத்தான் குடுத்து வைக்கல்ல."

அனூப்பின் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். குழிக்குள் இறங்கி, கூட்டின் மேல் அப்பியிருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினார். "அண்ணைக்கு ரெண்டு நட்டு காணாம போச்சு. லாரி நட்டு ரெண்டைப் போட்டு முறுக்கினோம்" என்றார். நானும் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வட்டமாகப் போகிற சின்ன நட்டுகளுக்கு நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிசாக இருந்தன.

சேதுவின் வண்டிதான். மாமி வந்து நின்ற அன்றைக்கும் அது சேதுவின் வண்டிதான். முப்பத்தொன்பது சுற்று வந்ததே அவளுக்காக அவன் மாற்றி வைத்ததால்தான். அதை நாங்கள் இரண்டு தரம் எண்ணி, இது உன் பிள்ளையின் வண்டி இல்லை என்று சொல்லி அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. அவனுடைய வண்டிதான் மாமி, உட்காருங்கோ என்று அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் அது பொய்யாகவே இருந்திருக்காது. இப்படி ஒரு கொடுமை உண்டா சொல்லுங்கோ. அனூப் அந்தக் கியரை வாங்கவில்லை. மலைக்கு வேறே வண்டி பார்த்துக்கொள்கிறேன் சேச்சி, இதில் இருக்கிறது இப்படியே இருக்கட்டும் என்றான்.

ஆசானிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எண்பது தாண்டின மனுஷர், கண் மங்கிவிட்டது. ஆனால் அவர் வேலையில் குற்றம் இருந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்ல வேண்டும் என்றவர் அவர்தானே. ஓய்வு பெற்றபிறகு பஸ் ஏறிப் பாறசாலைக்குப் போனேன். மகள் காப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். முருகேசன் சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன்.

ஆசான், "எனக்க கிட்ட சொல்லப் பயந்தானா?" என்றார்.

"ஆமாம், ஆசானே."

"நான் அவ்வளவு பொல்லாதவனா, பிள்ளே?"

"எல்லோருக்கும் உங்ககிட்டே பயம்தான், ஆசானே. எனக்கும்தான்" என்றேன்.

தலையை ஆட்டினார். காப்பியைத் தொடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நான் குழிக்குள்ள கிடந்தேன், ஒண்ணும் காணல்ல. அந்த அம்மை வண்டியைத் தொடவாவது செய்தாளா?" என்று கேட்டார்.

"தொட்டா, ஆசானே. ஓட்டறவன் சீட்டு மேலே கையை வச்சுண்டு நின்னா. அதைத் தடவிண்டே இருந்தா."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க எண்ணி முடிக்கிற வரைக்கும்."

"ரெண்டு தரமுமா?"

"ரெண்டு தரமும்."

ஆசான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணாந் தரமும் எண்ணியிருக்கலாம், பிள்ளே" என்றார்.